விளையாட்டைப் பழிப்போரும் விலைபேசுவோரும்

ஊவாவின் தோட்டப்புறங்களில் இன்று வழக்கொன்று இடையறாது நடைபெற்று வருகின்றது. அவ்வழக்குக்கு மன்றங்கள் பல. பாடசாலைப் பரிசளிப்பு விழாவின் மேடை ஒன்று. மாரியம்மன் கோவில் திருவிழாவின் ஒலிபெருக்கி மற்றொன்று. தொழிற்சங்கக் கூட்டமும் லயத்து வாசற்படியும் ஏனையவை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன் கையிற் கைப்பேசியுடன் காணப்படும் பதினாறு, பதினெட்டு வயது இளைஞன். அவன்மீது சாட்டப்படும் குற்றம் ஒன்றே: அவன் ‘கேம்’ ஆடுகின்றான். பரீட்சையிற் சித்தியெய்தாமை, பெரியோரை மதியாமை, கொழுந்து மலைக்கோ றப்பர் மலைக்கோ வேலைக்குப் போக மறுத்தல், இரவிற் கண்விழித்தல் ஆகிய அனைத்துக்கும் அதுவே காரணமென முடிவுகட்டப்படுகின்றது. மொனராகலையின் றப்பர்த் தோட்டங்களிலிருந்து பசறை, லுணுகலை, மடுல்சீமை, அப்புத்தளை மலைகள் வரை இத்தீர்ப்பு ஒரே குரலிற் படிக்கப்படுகின்றது.

இவ்வழக்கில் ஒரு குறை உண்டு. குற்றஞ்சாட்டப்பட்டவன் இதுவரை விசாரிக்கப்படவில்லை. விளையாட்டைப் பற்றியும், அதனைத் தாங்கிவரும் கருவியைப் பற்றியும், அக்கருவியை விற்கும் வணிகத்தைப் பற்றியும் அவனுக்குத் தெளிவான கருத்துக்கள் உண்டு. அவனைப் பழிப்போரின் கருத்துக்களைக் காட்டிலும் அவை பெரும்பாலும் கூர்மையானவை. பழிப்போர் வெளியே நின்று திரையின் ஒளியை மாத்திரம் காண்கின்றனர். அவனோ உள்ளே நின்று அதன் பொறிமுறையைக் காண்கின்றான். அவனது சாட்சியத்தைக் கேளாது வழங்கப்படும் தீர்ப்பு நீதியாகாது. அதனினும் மேலாக, அத்தீர்ப்பினால் உண்மைக் குற்றவாளி தப்பிச் செல்கின்றான் என்பதே இங்கு வலியுறுத்தப்பட வேண்டியது.

பழிப்பின் பழமை

புதிய பொழுதுபோக்கு ஒன்று தோன்றும்போதெல்லாம் அதனை இளைஞரின் அழிவெனக் கொள்ளுதல் புதுமையன்று. எழுத்துக்கலையே நினைவாற்றலைக் கெடுக்கும் என்னும் வாதத்தைப் பிளேட்டோ தமது உரையாடலொன்றிற் பதிவு செய்துள்ளார். 1954 ஆம் ஆண்டு பிரெடரிக் வெர்தாம் என்னும் அமெரிக்க உளமருத்துவர், சிறுவர் குற்றங்களுக்குச் சித்திரக்கதை நூல்களே காரணமெனக் கூறி நூலொன்றை வெளியிட்டார். அச்சித்திரக்கதைகளைப் படித்து வளர்ந்தோரே பின்னர் வீடியோ விளையாட்டுக்களைப் பழித்தனர். நாவலும் நாடகமும் சினிமாவும் தமிழரிடையேயும் இவ்வசையினின்றும் தப்பவில்லை. விடிய விடிய ஆடப்பெறும் காமன் கூத்தை இன்று மலையகத்தின் பண்பாட்டுச் செல்வமெனப் போற்றுவோர், இரவெல்லாம் விழித்திருத்தலைத் தம்மளவிற் குற்றமாக நினைத்ததில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

பழிப்பு சட்டமாகவும் மாறியதுண்டு. அச்சட்டங்களின் வரலாறு படிப்பினை நிறைந்தது. பிலிப்பைன்ஸில் சனாதிபதி மார்க்கோஸ் 1981 நவம்பரில் வீடியோ விளையாட்டுப் பொறிகளைத் தடைசெய்தார். பெற்றோரும் ஆசிரியரும் இளைஞரின் ஒழுக்கங்குறித்து முறையிட்டதே காரணமாகக் கூறப்பட்டது. நாட்டின் செல்வம் சூறையாடப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், காசு போட்டு ஆடும் பெட்டியே ஒழுக்கத்தின் எதிரியாயிற்று. சீனா 2000 ஆம் ஆண்டில் வீட்டுத் தொலைக்காட்சியோடு இணைக்கும் விளையாட்டுப் பொறிகளின் விற்பனையைத் தடைசெய்து, 2015 இலேயே அத்தடையை முற்றாக நீக்கியது. அந்தப் பதினைந்து ஆண்டுகளிலும் சீன இளைஞர் விளையாட்டை விட்டொழிக்கவில்லை. கணினிக்கும் கைப்பேசிக்கும் மாறினர். உலகின் மிகப்பெரிய விளையாட்டு வணிக நிறுவனங்களுள் ஒன்றான டென்சென்ட் வளர்ந்தெழுந்தது அத்தடைக் காலத்திலேயாம். தென் கொரியா 2011 இல், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதற் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டுக்களில் ஈடுபடலாகாதெனச் சட்டமியற்றியது. பிள்ளைகள் பெற்றோரின் அடையாள இலக்கத்தைப் பயன்படுத்தினர். அச்சட்டம் எட்டாத கைப்பேசி விளையாட்டுக்களுக்கும் சென்றனர். 2022 தொடக்கத்தில் அச்சட்டம் நீக்கப்பட்டது. விளையாடுபவனைத் தண்டிக்கும் சட்டம் விளையாட்டையும் ஒழிப்பதில்லை; வணிகத்தையும் தீண்டுவதில்லை என்பதே இவற்றாற் பெறப்படும் உண்மை.

வன்முறை பற்றிய குற்றச்சாட்டும் அடிக்கடி எழுகின்றது. துப்பாக்கி ஏந்திய உருவங்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்தும் காட்சி, நெடும்போரைக் கண்ட நாட்டிற் சிலரது உள்ளத்தை உறுத்துவது இயல்பே. அவ்வுறுத்தல் மதிக்கத்தக்கது. ஆனால் விளையாட்டினால்தான் இளைஞன் வன்முறையாளன் ஆகின்றான் என்போர், 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளில் இந்நாட்டில் நிகழ்ந்தவற்றைச் சற்றே நினைவுகூர்தல் நன்று. 1977 இல் தோட்டத்து லயங்களைத் தாக்கியோர் எவரும் கைப்பேசியில் விளையாடிப் பழகியவரல்லர். வன்முறைக்கு இந்நாட்டில் வேறு ஆசிரியர்கள் இருந்தனர். அவர்களுட் பலர் மேடைகளிலேயே வீற்றிருந்தனர்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொள்ளாது வாதிடுதல் நேர்மையன்று. உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாதத்தில் ஏற்றுக்கொண்டு 2022 சனவரி முதல் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பிலே ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றுள்ளது. ஆடுவதைக் கட்டுப்படுத்த இயலாமை, வாழ்வின் ஏனைய அலுவல்களை விட அதற்கே முதன்மை தருதல், தீங்கு நேர்ந்த பின்னும் அதனை விடாமை ஆகிய மூன்றும், பொதுவாகப் பன்னிரண்டு மாதங்களாகிலும் நீடித்து, வாழ்வைக் கணிசமாகச் சிதைக்குமாயின் அது நோயெனப்படும். அத்தகைய நிலையிலுள்ளவனுக்கு வேண்டுவது மருத்துவமே, வசவன்று. மாலையில் இரண்டு மணிநேரம் ஆடுபவனை இவ்வரையறைக்குள் அடக்குவது, சோற்றை விரும்பி உண்பவனைப் பெருந்தீனிக்காரன் என்று இழிப்பதை ஒக்கும்.

மைதானம் எங்கே?

“எங்கள் காலத்தில் வெளியிலே ஓடி விளையாடினோம்” என்பது பழிப்போர் கூறும் மற்றொரு வாக்கியம். தோட்டப்புறத்தில் நின்று இவ்வாக்கியத்தை உரைப்பதற்குத் துணிவு வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்னும் அளவில் வெள்ளையர் காலத்திற் கட்டப்பட்ட லயத்துக் காம்பராக்களில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. தேயிலையோ றப்பரோ வேரூன்றக்கூடிய ஒவ்வோர் அடி நிலமும் கம்பனிக் கணக்கிற் சேர்ந்தது. பயிருக்கு உதவாத நிலமே மனிதருக்கு மைதானமாயிற்று. அதுவும் பல தோட்டங்களில் இல்லை. நூலகம் இல்லை, வாசிகசாலை என ஒருகாலத்தில் இருந்த சில கட்டடங்களும் பாழடைந்துள்ளன. இந்நிலையில், நான்கு சுவர்களுக்குள் இருந்தவாறே நண்பர் மூவரோடு ஒரு தீவில் இறங்கி ஓடவும் ஒளியவும் திட்டமிடவும் வெல்லவும் ஒரு வெளி கிடைக்குமாயின், அதனை இளைஞன் நாடுவது வியப்பன்று. அவனுக்கு வேறு வெளியைத் தராதோர், கிடைத்த வெளியைப் பறிப்பதற்கு என்ன உரிமை உடையர்?

இவ்விடத்தில் பெண்பிள்ளைகளின் நிலையும் நோக்கற்பாலது. ஆண்பிள்ளையின் கையிலிருக்கும் கைப்பேசி ‘கெடுக்கின்றது’ எனப்படும். பெண்பிள்ளையின் கைக்கோ அது பல வீடுகளிற் கொடுக்கப்படுவதேயில்லை. கொழுந்துக் கூடையுடன் திரும்பும் தாய்க்கு உதவியாக அடுப்படிக்குச் செல்லும் அவளுக்கு விளையாட்டும் இல்லை, விளையாட்டைப் பற்றிய பழியும் இல்லை. பழியினின்றும் கிடைத்த விலக்கை விடுதலை எனக் கொள்ளலாகாது.

கட்டாயமும் குற்றமும்

கைப்பேசி இவ்விளைஞரின் கைக்கு எவ்வாறு வந்ததென்பதைப் பழிப்போர் எளிதில் மறந்துவிட்டனர். 2020 மார்ச்சு மாதத்திற் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டன. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளாகக் கல்வி என்பது வாட்ஸ்அப் குழுவாகவும் சூம் வகுப்பாகவும் மாறிற்று. கைப்பேசி இல்லாத பிள்ளைக்குப் பாடசாலையும் இல்லை என்னும் நிலை தோன்றியது. நாட்கூலி பெறும் பெற்றோர் நகையை அடகுவைத்தும் தவணைக்கு வாங்கியும் அக்கருவியை வீட்டுக்குக் கொணர்ந்தனர். கருவி வந்தும் அலைவரிசை வரவில்லை. பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்னும் சிற்றூரில் மாணவரும் ஆசிரியரும் காடு கடந்து பாறை உச்சிக்கு ஏறிப் பாடங்களைப் பெற்ற செய்தி 2021 இல் உலகப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. மரத்தின் மேற்கட்டிய பரணிலிருந்து படித்த பிள்ளைகளின் படங்களைக் கண்டு நகரத்தார் உருகினர்.

அதே 2021 ஆம் ஆண்டின் செப்டெம்பரில், பாடசாலைகள் மூடியிருந்த வேளையில், மத்திய வங்கி அத்தியாவசியமற்ற இறக்குமதிகளெனப் பட்டியலொன்றை வெளியிட்டு, அவற்றுக்கு இறக்குமதியாளர் முழுப் பெறுமதியையும் முற்பணமாக வைப்பிலிட வேண்டுமென விதித்தது. அப்பட்டியலிற் கைப்பேசியும் இருந்தது. சில வாரங்களில் அவ்விதி நீக்கப்பட்டதாயினும், அதன் பொருள் நீங்கிவிடவில்லை. கல்வித்துறைக்கு அத்தியாவசியமான கருவி நிதித்துறைக்கு அத்தியாவசியமற்றதாயிற்று. 2022 இல் ரூபாவின் பெறுமதி சரிந்து, ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களில் முந்நூற்றறுபதைக் கடந்தது. 2024 சனவரியிற் பெறுமதிசேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது, அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைப்பேசியும் வரிக்கு உட்பட்டது. தோட்டத் தொழிலாளரோ நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவை எட்டுவதற்கே பல ஆண்டுகள் போராடி, 2021 இலேயே அதனைப் பெற்றனர். 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. இவ்விரு கணக்குகளையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, தோட்டத்து வீட்டிலுள்ள கைப்பேசி ஆடம்பரமன்று. குடும்பத்தின் பல மாத உழைப்பு என்பது புலனாகும்.

2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளியாற் பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்தபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அறுந்து, உறவினர் உயிருடன் உள்ளனரா என்பதை அறியாது மக்கள் தவித்தனர். கைப்பேசி வேண்டாப் பொருள் என்னும் உபதேசம் அந்நாட்களில் எவர் வாயிலிருந்தும் கேட்கவில்லை. கல்விக்கும் ஆபத்துக்கும் அது வேண்டும்; களிப்புக்கு மாத்திரம் வேண்டாம் என்பது உழைக்கும் மக்களை நோக்கி என்றும் கூறப்பட்டு வந்த பழைய பாடமே. உழைப்பாளிக்கு ஓய்வு எதற்கு என்னும் துரைமாரின் கேள்வி, இன்று நம்மவர் வாயிலிருந்தே வெளிப்படுகின்றது.

புதிய துண்டுமுறை

இனி விலைபேசுவோரை நோக்குவோம். இப்பகுதியில் ஆடுபவனின் சாட்சியமே முதன்மையானது.

தோட்டப்புற இளைஞரிடையே மிகப் பரவலாக அறியப்பட்ட விளையாட்டுக்களுள் ஒன்று ‘ஃபிரீ ஃபயர்’. சிங்கப்பூரைத் தலைமையகமாகக் கொண்ட கரீனா நிறுவனம் அதனை 2017 இல் வெளியிட்டது. ஐம்பது பேர் ஒரு தீவில் இறங்கி, இறுதிவரை எஞ்சுபவர் வெல்லும் ஆட்டம் அது. ஒரு சுற்றுப் பத்து நிமிடமளவில் முடிவடையும். விலை குறைந்த, நினைவகம் சிறிய கைப்பேசிகளிலும் இயங்குமாறு அது ஆக்கப்பட்டமையே ஆசியாவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் ஏழை இளைஞரிடையே அது பரவியதற்குத் தலையாய காரணம். அவ்வளவில் அது பாராட்டத்தக்க செயலே. செல்வந்தர்க்கென ஆக்கப்பட்ட பொறிகள் எட்டாத இடத்துக்கு ஓர் ஆட்டம் எட்டியிருக்கின்றது. அதன் ஆட்டநுட்பத்தை, குழுவாகச் செயற்படும் ஒழுங்கை, கணப்பொழுதில் முடிவெடுக்கும் பயிற்சியை ஆடுபவன் மெச்சுகின்றான். அவன் மெச்சுவதில் நியாயமுண்டு.

ஆனால் அதே ஆடுபவன் அதன் கடைப்பகுதியைப் பற்றிப் பேசும்போது அவன் குரல் மாறுகின்றது. விளையாட்டு இலவசம், அதனுள்ளே ‘வைரம்’ என்னும் நாணயம் உண்டு. உண்மைப் பணத்தைக் கொடுத்து அதனைப் பெறலாம். அவ்வைரத்தைக் கொண்டு ஆடைகளும் ஆயுதத் தோற்றங்களும் பெறலாம். பல வேளைகளில் நேரே பெற இயலாது, அதிர்ஷ்டச் சுழற்சியில் இட்டு, கிடைத்தாற் பெறலாம். வேண்டிய பொருள் எத்தனை சுழற்சியிற் கிடைக்கும் என்பதை வாங்குபவன் முன்கூட்டி அறியான். பொருளின் விலை ரூபாவிலும் இல்லை. ரூபா வைரமாகின்றது, வைரம் சுழற்சியாகின்றது, சுழற்சி பெரும்பாலும் ஏமாற்றமாகின்றது. இப்பொறிமுறை ஒரு விளையாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. இலவசமென வரும் பெரும்பாலான கைப்பேசி விளையாட்டுக்கள் இவ்வடித்தளத்திலேயே இயங்குகின்றன.

மலையக வரலாற்றை அறிந்தவர்க்கு இது புதிய காட்சியன்று. கோப்பித் தோட்டக் காலந்தொட்டுக் கங்காணி கொடுத்த முற்பணம் தொழிலாளியைத் தோட்டத்தோடு பிணைத்தது. அரிசி கடனாக வழங்கப்பட்டு, சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது அவனது கடன் ‘துண்டு’ என்னும் சீட்டில் எழுதப்பட்டு அவனைப் பின்தொடர்ந்தது. அத்துண்டுமுறை 1921 இல் ஒழிக்கப்பட்டது. அம்முறையின் சாரம் யாது? உழைப்பாளி தான் கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்பதைக் கணக்கிட இயலாதவாறு மறைத்தல். ஒரே கடையைத் தவிர வேறெங்கும் செல்லாதவாறு அவன் பணத்தைக் கட்டிவைத்தல். திரையில் மின்னும் வைரமும் அதனையே செய்கின்றது. அவ்விளையாட்டுக்கு வெளியே அவ்வைரத்துக்கு ஒரு மிளகாய்கூட வாங்க இயலாது. கொள்ளுப்பாட்டன் சீட்டில் ஏமாந்தான். கொள்ளுப்பேரன் சுழற்சியில் ஏமாறுகின்றான். இடையில் நூறாண்டுகள் கழிந்தமையே வேறுபாடு.

பிற நாடுகள் இதனைக் கண்டும் காணாதிருக்கவில்லை. பெல்ஜியம் 2018 இல் பணங்கொடுத்துப் பெறும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது. அவுஸ்திரேலியா 2024 செப்டெம்பரில், இவ்வதிர்ஷ்டமுறை கொண்ட புதிய விளையாட்டுக்களைப் பதினைந்து வயதுக்குட்பட்டோர்க்கு உகந்தவையல்ல எனும் வகுப்பில் அல்லது அதற்கு மேலான வகுப்பில் இடவேண்டுமென விதித்தது. அமெரிக்காவில் ‘ஃபோர்ட்நைட்’ விளையாட்டை வெளியிடும் எபிக் நிறுவனம், 2022 டிசெம்பரில் அரச வணிக ஆணையத்துடன் செய்துகொண்ட இணக்கத்தின்படி 52 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. அதில் 24.5 கோடி டொலர், விரும்பாத கொள்வனவுகளுக்கு ஆடுபவரை இட்டுச்சென்ற திரை அமைப்புக்காக அவர்களுக்குத் திருப்பிக்கொடுக்கவேண்டிய தொகை. இவ்விடங்களில் எல்லாம் குற்றவாளிக் கூண்டில் நின்றவன் ஆடியவனல்லன், விற்றவன்.

இரவிற் கண்விழித்தல் பற்றியும் ஒரு சொல். தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்கும் பல டேட்டாத் திட்டங்களில், பகலுக்கு ஒரு பங்கும் நள்ளிரவுக்குப் பின் வேறொரு பங்கும் பிரித்துத் தரப்படுவதுண்டு. இரவுப் பங்கே பெரிது, மலிவு. விளையாட்டுக்களின் புதிய பதிப்புக்களைத் தரவிறக்குவதற்கு வேண்டிய அளவு, கடையிற் போடும் சிறு ரீலோட்டிற் பகலிற் கிட்டாது. ஆகவே நள்ளிரவு கடந்தபின் இளைஞன் விழித்திருக்கின்றான். அவன் சோம்பல் அவனை விழிக்கவைக்கவில்லை, விலைப்பட்டியல் விழிக்கவைக்கின்றது. அப்பட்டியலை வகுத்தோரிடம் எந்தப் பரிசளிப்பு விழாவிலும் எவரும் கேள்வி எழுப்பியதில்லை. சில விழாக்களுக்கு அனுசரணையாளர் அவர்களே.

புதியதே சிறந்தது என்னும் பொய்

ஆடுபவனின் இரண்டாவது கருத்து கருவிகள் பற்றியது. ஆண்டுதோறும் வெளிவரும் புதிய கைப்பேசி பழையதைப் பயனற்றதாக்குகின்றது என விளம்பரம் கூறுகின்றது. விளையாட்டின் வரலாறு இதனைப் பொய்யாக்குகின்றது. அலெக்சி பாஜிட்நோவ் 1984 இல் மொஸ்கோவில் ‘டெட்ரிஸ்’ விளையாட்டை ஆக்கியபோது, அவரிடமிருந்த கணினியிற் படங்காட்டும் வசதியே இருக்கவில்லை. எழுத்துக்குறிகளாலேயே கட்டங்களை அமைத்தார். யப்பானின் நின்டெண்டோ நிறுவனப் பொறியியலாளர் குன்பெய் யொக்கோய், மலிந்து பழகிப்போன தொழினுட்பத்தைப் புதிய நோக்கிற் பயன்படுத்துவதே அறிவு எனக் கொண்டவர். 1989 இல் அவரது குழு ஆக்கிய ‘கேம் பாய்’ வண்ணமற்ற சிறு திரையையே உடையது. வண்ணத்திரையுடன் போட்டியிட்ட பொறிகள் மின்கலங்களை விரைவில் விழுங்கி, விலையும் கூடி, சந்தையிற் பின்தங்கின. கேம் பாயும் அதன் வண்ணப் பதிப்புமாகப் பதினோரு கோடிக்கு மேல் விற்பனையாயின. சிறந்த ஆட்டத்துக்கு வேண்டியது சிறந்த சிந்தனையே; புதிய பொறியன்று.

இவ்வுண்மையைப் பதுளை நகரத்துக் கைப்பேசி திருத்தும் கடைகளில் இருப்போர் நன்கறிவர். உடைந்த திரையையும் வீங்கிய மின்கலத்தையும் மாற்றி, மூன்றாம் கைக்கும் நான்காம் கைக்கும் ஒரு கருவியை வாழவைப்பவர்கள் அவர்கள். அவர்களது கைத்திறனுக்கு எதிராகவே இன்றைய உற்பத்திமுறை அமைந்துள்ளது. பசையிட்டு ஒட்டப்பட்ட மின்கலம், உதிரிப்பாகம் விற்க மறுக்கும் நிறுவனம், சில ஆண்டுகளில் மென்பொருளாதரவை நிறுத்திப் பழைய கருவியைக் கைவிடும் வழக்கம் ஆகிய மூன்றும் ஒருங்கே செயற்படுகின்றன. பழைய மின்கலமுடைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருளாற் குறைத்ததை அப்பிள் நிறுவனம் 2017 டிசெம்பரில் ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளருக்கு அதனை அறிவியாமைக்காகப் பிரான்சு 2020 இல் இரண்டரைக் கோடி யூரோ தண்டம் விதித்தது. 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதி ‘வின்டோஸ் 10’ க்கான பொது ஆதரவு நிறுத்தப்பட்டபோது, அடுத்த பதிப்பை ஏற்க இயலாத, ஆனால் நன்றாக இயங்கும் எண்ணற்ற கணினிகள் உலகெங்கும் ஒரே நாளிற் ‘பழையவை’ ஆயின. நன்கொடையாகக் கிடைத்த பழைய கணினிகளை நம்பியிருக்கும் வறிய பாடசாலைகளுக்கு இதன் பொருள் யாதென விளக்க வேண்டுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் திருத்தும் உரிமையைச் சட்டமாக்கி, உறுப்பு நாடுகளுக்கு 2026 யூலை 31 ஐக் காலக்கெடுவாக விதித்தது. செல்வந்த நாடுகளுக்கே அவ்வுரிமை வேண்டுமாயின், ஒரு கைப்பேசிக்குப் பல மாதம் உழைக்கும் மக்களுக்கு அது எத்துணை வேண்டும்!

வாங்கியது வாங்கியவனுக்கே உரியதா என்னும் கேள்வியையும் ஆடுபவரே முதலில் எழுப்பினர். யூபிசொஃப்ட் நிறுவனம் 2014 இல் விற்ற ‘த க்ரூ’ என்னும் விளையாட்டின் வழங்கியை 2024 மார்ச்சு இறுதியில் நிறுத்தியது. பணங்கொடுத்து வாங்கியவர் எவராலும் அதன்பின் அதனை ஆட இயலவில்லை. இதனை எதிர்த்தெழுந்த ஐரோப்பியக் குடிமக்களின் முறையீடு 2025 யூலையிற் பத்து இலட்சம் கையொப்பங்களைக் கடந்தது. விளையாட்டு வெறியர் என எள்ளப்பட்டோர் நுகர்வோர் உரிமைக்கான மக்கள் இயக்கமொன்றைக் கட்டியெழுப்பினர் என்பதைப் பழிப்போர் அறிதல் நன்று.

மேடையேற்றுவோரின் மயக்கம்

பழிப்போருக்கு எதிரே நின்று, விளையாட்டே இளைஞரின் விமோசனம் எனப் பறைசாற்றும் சிலரும் இன்று தோன்றியுள்ளனர். 2018 இல் யகார்த்தாவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் மின்விளையாட்டுக்கள் காட்சிப் போட்டியாக இடம்பெற்றன. 2023 இல் ஹாங்சோவிற் பதக்கத்துக்குரிய போட்டிகளாயின. ஆகவே தோட்டத்து இளைஞனும் நாளை வெற்றிவீரனாகலாம் என்பது அவர்களது வாதம். இவ்வாதத்தை ஆடுபவனே ஏற்கமாட்டான். வழங்கிக்கும் கைப்பேசிக்கும் இடையே செய்தி சென்று மீளும் நேரத்தை அவன் ‘பிங்’ என்பான். மலைச்சரிவில் ஒற்றைக் கோடாகத் தெரியும் அலைவரிசையில் அந்நேரம் நீள்கின்றது. அவன் சுடுமுன்னரே அவன் உருவம் வீழ்ந்துவிடுகின்றது. கொழும்பில் ஒளியிழை இணைப்புடன் ஆடுபவனோடு அவன் ஒரே தீவில் இறங்குகின்றான். ஆயினும் ஒரே தரையில் நிற்கவில்லை. திறமைக்கு முன்னரே தோல்வியை விதிக்கும் இவ்வேற்றத்தாழ்வை நீக்காது, ஆயிரத்தில் ஒருவனின் வெற்றியைக் காட்டி ஏனையோரை ஏய்ப்பது, அதிர்ஷ்டச் சுழற்சியையே மேடைப்பேச்சாக மாற்றியதன்றி வேறன்று.

ஆடுவதினின்றும் ஆக்குவதற்கு

விளையாட்டு என்பது கலையாகுமா என ஐயுறுவோர் ‘வெண்பா’ என்னும் ஆக்கத்தை நோக்குக. தொரொன்ரோவிலுள்ள ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழு 2023 யூலையில் அதனை வெளியிட்டது. 1980 களிற் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் தாயொருத்தி, சிதைந்துபோன சமையற் குறிப்பேட்டிலிருந்து இட்டலியையும் புட்டையும் மீட்டெடுப்பதும், தாய்மொழியினின்றும் விலகும் மகனை இழந்துவிடுவோமோ என ஏங்குவதும் அதன் பொருள். அதில் வைரமும் இல்லை, சுழற்சியும் இல்லை. ஓரிரு மணிநேரத்தில் முடிந்துவிடும். 2024 இல் பிரித்தானியாவின் பஃப்டா விருதுகளிற் சிறந்த அறிமுக விளையாட்டுக்கான பரிசை அது பெற்றது. தமிழர் வாழ்வு, தமிழ் உணவு, தமிழ்ச் சொல் ஆகியவை உலகோர் ஆடும் ஆட்டமாக இயலும் என்பதற்கு இதனின் வேறு சான்று வேண்டுவதில்லை.

வேறொரு சான்று இப்பல்கலைக்கழகச் சூழலுக்கு நெருக்கமானது. 1971 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த மாணவர் மூவர், வரலாற்று வகுப்பொன்றுக்காக ‘ஒரிகன் டிரெயில்’ என்னும் விளையாட்டை ஆக்கினர். மேற்குத்திசை நோக்கிக் குடியேறச் சென்றோரின் நெடும்பயணத்தில் உணவு தீர்தல், நோய் காணல், ஆறு கடத்தல் ஆகியவற்றை மாணவர் தாமே முடிவெடுத்து அறியுமாறு அது அமைந்தது. அதற்குத் திரைகூட இருக்கவில்லை. தட்டச்சுப் பொறியிற் காகிதத்தில் அச்சாகிய சொற்களே விளையாட்டு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழி நடந்து, கொள்ளைநோய்க்கும் பசிக்கும் வழிநெடுக உயிரைக் கொடுத்த மலையகத்து முன்னோரின் பயணம் அதனின் எவ்வகையிற் குறைந்தது? அப்பாதையிலே 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நினைவுநடை சென்றனர். அந்நடையைப் பதினைந்து வயதுச் சிறுவனொருவன் தன் கைப்பேசியில் மேற்கொண்டு, எவ்விடத்தில் நீர் உண்டு, யாரை விட்டுச் செல்வது, கங்காணியின் முற்பணத்தை ஏற்பதா மறுப்பதா எனத் தானே முடிவெடுத்துத் தன் வரலாற்றை அறியுமாறு ஒரு விளையாட்டை ஆக்குவதற்குப் பெருங்கம்பனி வேண்டுவதில்லை. வரலாறு பயிலும் மாணவனும், தமிழ் பயிலும் மாணவியும், கணினி பயிலும் தோழரொருவரும் சேர்ந்தாற் போதும்.

ஆகவே இவ்வழக்கிற் கோரப்பட வேண்டியவை வேறு. விளையாட்டினுள் விற்கப்படும் ஒவ்வொரு பொருளின் விலையும் ரூபாவிற் காட்டப்படவும், சிறுவருக்கு அதிர்ஷ்டச் சுழற்சி விற்கப்படாதிருக்கவும், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விரிவாக்கப்பட வேண்டும். இந்நாட்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் 2003 ஆம் ஆண்டுக்குரியது. இன்றைய கைப்பேசிக் கடை அன்று எவர் கற்பனையிலும் இல்லை. பகலிலும் இரவிலும் டேட்டாவின் விலை ஒன்றாதல் வேண்டும். திருத்தும் உரிமையும் உதிரிப்பாகமும் சட்டத்தாற் காக்கப்பட வேண்டும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் விளையாட்டு மைதானமும், பெண்பிள்ளைகளும் அச்சமின்றிச் சென்று அமரத்தக்க கணினி நிலையமும் அமைதல் வேண்டும். கிராமங்களுக்கென 2000 களின் நடுப்பகுதியிற் தொடங்கப்பட்ட ‘நெனசல’ நிலையங்கள் போன்றவை தோட்டத்துக்கும் உரியவையே. இவற்றைக் கோருவது கடினம். ஆகவேதான் பலர் சிறுவனைக் கண்டிப்பதோடு அமைகின்றனர். கம்பனியை நோக்கிக் கைநீட்டுவதினும் பிள்ளையை நோக்கிக் கைநீட்டுவது எளிது.

தோட்டத்து இளைஞன் வீணாகக் காலத்தைக் கழிக்கின்றான் என்போர் ஒன்றை நினைவிற் கொள்ளல் வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவன் முன்னோரின் காலம் முழுவதும் பிறருக்காகவே கழிந்தது. அதனை எவரும் வீண் என்று கூறவில்லை. இன்று நாள்தோறும் சில நாழிகை அவன் கைக்கு வந்துள்ளது. அந்நாழிகையைக் கம்பனியும் கேட்கின்றது, விளம்பரமும் கேட்கின்றது, உபதேசியும் கேட்கின்றான். அது அவனுக்கே உரியதாக வேண்டும். அதனைக் கொண்டு அவன் ஆடட்டும், ஆடியபின் ஆராயட்டும், ஆராய்ந்தபின் ஆக்கட்டும். அவனது சாட்சியத்தைக் கேட்டபின் தீர்ப்பு எழுதப்படட்டும்.